நூறு சவரனும் பை என்றொரு குதிரையும்

தங்கத்தைச் சவரன் கணக்கில் பேசிப் பழகிய நமக்கு, அந்தச் சொல் ‘சாவரின்’ என்ற ஆங்கிலேயத் தங்கக் காசின் பெயரிலிருந்து வந்தது என்பது அநேகமாக நினைவில் இருப்பதில்லை. எட்டுக் கிராமுக்கு ஒரு துளி குறைவாக இருந்த அந்தக் காசு புழக்கத்திலிருந்து போய்விட்டது. எட்டுக் கிராம் என்ற அளவும் அந்தப் பெயரும் மட்டும் தியாகராய நகர் நகைக்கடைகளின் விலைப் பலகைகளில் தங்கிவிட்டன. ஒரு சிறுமியையும் அவளுடைய குதிரையையும் பற்றிய பழைய ஆங்கிலப் படத்தைக் குறித்து எழுத உட்கார்ந்தவள் தங்கத்தில் தொடங்குகிறேனே என்று நினைக்க வேண்டாம். ‘நேஷனல் வெல்வெட்’ படத்தின் நடுவில் ஒரு தாய் தன் மகளிடம் நூறு சாவரின் எடுத்துக் கொடுக்கிறாள். இன்றைக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அது பழங்காலப் பணம், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது நூறு சவரன்.

1987ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், சூளைமேட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குச் சித்தப்பா ஒரு கலர் டிவியையும் வீடியோ டெக்கையும் ஓர் இரவு வாடகைக்கு எடுத்து வந்தார். அந்த நாட்களில் அது ஒரு சின்னத் திருவிழா. சைக்கிள் ரிக்‌ஷாவில் டிவி வந்து இறங்கும்போதே பக்கத்துப் போர்ஷன் பிள்ளைகள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இரண்டு தமிழ்ப் படங்களோடு, குழந்தைகளும் பார்க்கலாம் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, மூன்றாவதாக ஓர் ஆங்கிலப் படக் கேசட்டையும் அவர் கொண்டு வந்திருந்தார். அட்டையில் ஒரு குதிரையின் படம். அதைப் பார்த்த மாத்திரத்தில் பாட்டியின் முகம் மாறிவிட்டது.

“இந்த வீட்டுக்குள்ள குதிரை வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையாடா?”

பாட்டிக்குக் குதிரை என்றால் ரேஸ். தாத்தா ஒரு கம்பெனியில் கணக்கராக இருந்தவர். சட்டைப்பையில் நான்காக மடித்த ரேஸ் புத்தகமும் காதில் பென்சிலுமாகவே எனக்கு அவரைச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். பாட்டி பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்த பதினெட்டுச் சவரனில் அவர் போன பிறகு மிஞ்சியது தோடு மட்டும்தான் என்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார்கள். அந்த வருஷம் மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சொல்வார்கள். ஜெயிக்கப் போகிற குதிரையின் பெயரைத் தாத்தா தூக்கத்திலும் சொல்வாராம். தன் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை என்பது பாட்டியின் கணக்கு.

இருந்தாலும், இரண்டு தமிழ்ப் படங்களும் முடிந்து பாதிப் பிள்ளைகள் தூங்கிப் போன பிறகு, வாடகை கொடுத்தாயிற்றே என்ற நியாயத்தில் மூன்றாவது கேசட்டும் உள்ளே போனது. பாட்டி அடுக்களை நிலைப்படியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக ஒரு முறத்தில் உளுந்து வைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒவ்வொரு வசனத்துக்கும் தோராயமாகத் தமிழ் சொன்னார்.

கதை எளிமையானது. இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் பகுதியின் கடலோரச் சிற்றூரில் கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் மகளான வெல்வெட் பிரவுனுக்குக் குதிரைப் பைத்தியம். பல் வரிசையைத் திருத்தும் கம்பித் தட்டை வாயில் போட்டிருக்கும் வயது. இரவில் படுக்கையில் படுத்துக்கொண்டு, கால் கட்டை விரல்களில் கயிறு கட்டி, அதைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு குதிரை ஓட்டுவாள். அந்த ஊர் விவசாயி ஒருவரிடம் அடங்காத குதிரை ஒன்று இருக்கிறது. அவர் வைத்த பெயர் பைரேட், கடற்கொள்ளைக்காரன். வெல்வெட் அதைச் செல்லமாக ‘பை’ என்று கூப்பிடுகிறாள். குதிரைக்குப் பேர் பையா என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரித்ததும், மஞ்சள் பையா தோள் பையா என்று யாரோ கேட்டதும், அந்தச் சிரிப்புக்குப் பாட்டியும் முறத்துக்கு மேலாகத் தலை தூக்கிப் பார்த்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மூல நாவலில் அது கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்த குதிரை. அந்த நிறத்துக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்தே பை என்ற பெயர் வந்தது. படத்துக்குக் கிடைத்ததோ செம்பழுப்புக் குதிரை. நிறம் பொருந்தாததால் பெயருக்கு வேறு காரணம் தேடிக் கடற்கொள்ளைக்காரனைக் கொண்டுவந்தார்கள்.

நாவலை 1935இல் எழுதியவர் ஈனிட் பேக்னால்ட். எம்.ஜி.எம். நிறுவனத்துக்காகக் கிளாரன்ஸ் பிரவுன் இயக்கிய படம் 1944 டிசம்பரில் வெளிவந்தது. வெல்வெட்டாக நடித்த எலிசபெத் டெய்லருக்குப் படப்பிடிப்பு நடந்தபோது பன்னிரண்டு வயது. பிற்பாடு அவரைச் சுற்றி எழுந்த வைரங்கள், திருமணங்கள், பத்திரிகைக் கிசுகிசுக்கள் எல்லாவற்றையும் அறிந்த பிறகு இந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தால், குதிரையைப் பற்றிப் பேசும்போது மூச்சு முட்ட முட்ட அவர் விழிகளில் ஏறுகிற பளபளப்பு நடிப்புதானா என்று சந்தேகம் வருகிறது. குதிரையேற்றம் அவருக்கு முன்பே தெரியும். படம் முடிந்த பிறகு, பையாக நடித்த கிங் சார்ல்ஸ் என்ற அந்தக் குதிரையை ஸ்டுடியோ அவருக்கே பரிசாகக் கொடுத்துவிட்டது.

குலுக்கல் சீட்டில் பை வெல்வெட்டுக்குக் கிடைக்கிறது. வேலி தாண்டி ஓடிய குதிரை ஓர் உயரமான சுவரை அநாயாசமாகத் தாண்டியதைப் பார்த்த மை டெய்லர் என்ற நாடோடி இளைஞன் (மிக்கி ரூனி) அதன் கால்களில் இருக்கும் வலுவைப் புரிந்துகொள்கிறான். லிவர்பூலுக்கு அருகே ஏய்ன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் பையை ஓடவிட வேண்டும் என்று வெல்வெட் தீர்மானிக்கிறாள். நாலு மைலுக்கு மேல் தூரம், தாண்ட வேண்டிய தடைகள் முப்பது, நாடு முழுவதும் பார்க்கிற பந்தயம். கசாப்புக் கடைக்காரரின் மகளுக்கு அதில் என்ன வேலை என்று அப்பா நினைப்பது நியாயம்தான். நுழைவுக் கட்டணத்துக்கே வழியில்லை. அப்போதுதான் அம்மா மகளை வீட்டின் பரணறைக்கு அழைத்துப் போகிறாள்.

வெல்வெட்டின் அம்மா இருபது வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவள். அதற்குக் கிடைத்த பரிசு நூறு சாவரின். அத்தனை வருஷங்களாக அதைத் தொடாமல் ஒரு பெட்டியில், பழைய பத்திரிகைச் செய்திகளோடும் பதக்கத்தோடும் வைத்திருக்கிறாள். குழந்தைகள் வளர்ந்தார்கள், கடை நடந்தது, நல்லதும் கெட்டதும் வந்து போயின. அந்தப் பணம் பெட்டியிலேயே இருந்தது. இப்போது அதை எடுத்து மகள் கையில் கொடுத்து, வாழ்க்கையில் ஒருமுறையாவது மூச்சடைக்க வைக்கிற ஒரு பைத்தியக்காரத்தனத்தைச் செய்து பார்க்க எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்ற பொருளில் பேசுகிறாள். குரலில் குழைவில்லை, கண்ணில் நீரில்லை, பின்னணி இசையை நம்பி அவள் நிற்கவும் இல்லை. மளிகைக் கணக்குச் சொல்வதுபோலச் சொல்கிறாள்.

“என்னடா சொல்றா அவ?” என்றார் பாட்டி, முறத்தைக் கீழே வைத்துவிட்டு.

“பொண்ணுக்கு நூறு சவரன் குடுக்கிறாம்மா.”

“கல்யாணத்துக்கா?”

“இல்ல. குதிரைக்கு.”

நான் பாட்டியைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் எல்லோருக்குமே பயம்தான். பதினெட்டுச் சவரனை விட்டவரிடம் நூறு சவரன் பேசுகிறோம். பாட்டி சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் அந்தத் தாய் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

“பந்தயம் கட்டவா?”

“கட்டலம்மா. குதிரைய ஓட்டுறதுக்குப் பேர் குடுக்கிற பணம். ஸ்கூல் ஃபீஸ் மாதிரி.”

“அது அவ நீந்திச் சம்பாதிச்சதுதானே? அவ குடுக்கலாம்” என்றார் பாட்டி. பிறகு நிலைப்படியை விட்டு எழுந்து வந்து, எங்களுக்குப் பின்னால் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் இல்லை. பாட்டியின் பதினெட்டுச் சவரனும் போனது குதிரைக்குத்தான். ஆனால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த கை அவருடையதல்ல. வெல்வெட்டின் அப்பா கணக்குப் புத்தகத்தோடு கூடிய நல்ல மனிதர். டொனால்ட் கிறிஸ்ப் அவரை முறைப்பும் பாசமுமாகச் செய்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அந்தப் பெட்டி திறக்கப்படவில்லை. அந்த வீட்டில் அது ஒரு சண்டையாகக்கூட ஆகவில்லை. 1944ஆம் ஆண்டின் ஒரு குடும்பப் படத்தில் இது எவ்வளவு அபூர்வம் என்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் உறைத்தது.

அம்மாவாக நடித்தவர் ஆன் ரிவியர். இந்தப் பாத்திரத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். சில ஆண்டுகள் கழித்து, 1951இல், கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு அழைத்தபோது பதில் சொல்ல மறுத்தார். அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் திரைப்பட வாய்ப்பே இல்லாமல் இருந்தார். இதைத் தெரிந்துகொண்டு பரணறைக் காட்சியைப் பார்த்தால், அந்த முகத்தின் அசையாத தன்மை எங்கிருந்து வந்தது என்று நாமாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளத் தோன்றுகிறது. அது நியாயமில்லை, படம் முன்பே எடுத்தது. ஆனாலும் தோன்றுகிறது.

கால்வாயை நீந்துவது என்றால் என்னவென்று எங்கள் தெருவுக்குப் புரிந்தது ஏழு வருஷம் கழித்து. 1994இல் நம் சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தான். அதே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி, நீச்சல் வீரர் மிகிர் சென்னின் சாதனையை முறியடித்தான். வெல்வெட்டின் அம்மா கற்பனைப் பாத்திரம். உண்மையில் முதன்முதலாகக் கால்வாயைக் கடந்த பெண் அமெரிக்கரான கெர்ட்ரூட் எடெர்லி, 1926இல். ஆசியப் பெண்களில் முதலாவது நம் ஆரத்தி சாகா, 1959இல். குற்றாலீஸ்வரனின் படம் செய்தித்தாளில் வந்த அன்று பாட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு, “அந்தக் குதிரைக்காரப் பொண்ணோட அம்மா மாதிரி” என்றார். ஏழு வருஷமாக அந்தப் பெண்மணியை அவர் மறக்கவில்லை.

பணம் கட்டுவதற்கும் பணம் கட்டி ஆடுவதற்கும் பாட்டி கேட்ட வித்தியாசம் நம் ஊரில் நீதிமன்றம் வரை போன விஷயம். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்ய 1974இல் சட்டம் வந்தது. வழக்கு நீண்டுகொண்டே போய், 1996இல் உச்ச நீதிமன்றம் அது முதன்மையாகத் திறமையைச் சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. திறமை யாருடையது என்பதுதான் பாட்டியின் கேள்வியாக இருந்திருக்கும். ஓடுகிற குதிரைக்குத் திறமை உண்டு, ஏறி உட்கார்ந்தவனுக்கு உண்டு. காதில் பென்சில் வைத்திருந்தவருக்கு என்ன திறமை?

பந்தயக் காட்சிக்கு வருகிறேன். வாடகைக்குப் பேசிய ஜாக்கிக்குப் பை ஜெயிக்கும் என்ற நம்பிக்கை துளியும் இல்லை என்பது முந்தின இரவு தெரிய வருகிறது. மை முன்பு ஜாக்கியாக இருந்தவன்; அவனால் நேர்ந்த விபத்தொன்றில் இன்னொருவன் இறந்துபோக, குதிரை ஏறும் துணிவையே இழந்தவன். கடைசியில் வெல்வெட்டே முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஆண் ஜாக்கியின் உடையில் களத்தில் இறங்குகிறாள். முடி வெட்டும் அந்த இரவை அவசரமில்லாமல் காட்டியிருக்கிறார்கள். கத்தரியின் சத்தம் கேட்கிறது, தோளில் முடி விழுகிறது, பன்னிரண்டு வயது முகம் ஒவ்வொரு வெட்டுக்கும் சின்னதாகிக்கொண்டே போகிறது.

அந்த ஏய்ன்ட்ரீ உண்மையான ஏய்ன்ட்ரீ அல்ல. போர்க்காலமாகையால் 1941 முதல் 1945 வரை கிராண்ட் நேஷனலே நடக்கவில்லை. படம் முழுவதும் கலிபோர்னியாவில் எடுத்தது. சஸ்ஸெக்ஸ் கடற்கரையாக வருவது பசிபிக் கடல். பின்னால் திரைச்சீலை தொங்குவது சில இடங்களில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஆனால் பந்தயம் தொடங்கிவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது. தடைகளுக்கு அடியிலிருந்து பார்க்கும்போது வயிறு தெரிகிறது, குளம்பு தெரிகிறது, மேலே ஒரு நொடி வானம் தெரிகிறது. பீச்சர்ஸ் புரூக் என்ற பேர்பெற்ற தடையில் குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, கூட்டத்தில் எம்பி எம்பிப் பார்க்கிற மையோடு சேர்ந்து நமக்கும் பாதிதான் தெரிகிறது. இந்தப் படத்தொகுப்புக்காக ராபர்ட் கெர்ன் ஆஸ்கர் வாங்கினார் என்பதில் எனக்கு வியப்பில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பத்து நிமிஷம் சித்தப்பா மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டார். தேவைப்படவில்லை.

வெல்வெட் ஜெயிக்கிறாள், ஜெயித்ததும் மயங்கிக் குதிரையிலிருந்து சரிந்து விழுகிறாள். ஜாக்கி உரிய அடைப்புக்குள் போய்ச் சேரும் முன் குதிரையை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. அதனால் வெற்றி செல்லாது. அவள் பெண் என்பதும் மருத்துவர் பார்க்கும்போது வெளிப்பட்டுவிடுகிறது. எப்படியும் பெண் என்ற காரணத்துக்காகவே தகுதியிழக்கப் போகிறவளை, விதி வேறொரு காரணம் சொல்லித் தள்ளிவிடுகிறது. கதாசிரியர்களின் நமட்டுச் சிரிப்பு அதில் இருப்பதாகவே நான் நினைத்துக்கொள்கிறேன். பிரிட்டனில் 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்த பிறகே பெண்கள் அந்தப் பந்தயத்தில் ஓட்ட முடிந்தது. 1977இல் சார்லட் புரூ முதலாவதாகக் கலந்துகொண்டார். அவருடைய குதிரை முடிவுக்குச் சில தடைகளுக்கு முன் தாண்ட மறுத்துவிட்டது. 1982இல் ஜெரால்டின் ரீஸ் ஓடி முடித்த முதல் பெண் ஆனார். 2021 ஏப்ரலில், கொரோனாவால் பார்வையாளரே இல்லாத மைதானத்தில், மினெல்லா டைம்ஸ் என்ற குதிரையில் ரேச்சல் பிளாக்மோர் ஜெயித்தார். படம் வந்து எழுபத்தாறு வருஷம். அன்றைக்கு அந்தச் செய்தியை நான் அம்மாவிடம் போனில் சொன்னபோது, “மயங்கி விழலையே?” என்றுதான் கேட்டார்.

போன மாதம் என் மகளையும் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை மறுபடி பார்த்தேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது, வெல்வெட்டின் வயது. மெரினாவில் சலங்கை கட்டிய குதிரையில் ஒரு சுற்று போனதுதான் அவளுடைய மொத்த அனுபவம். அதில் ஓட்டுபவர் கயிற்றை விடவே இல்லை என்பது இன்னும் அவளுக்கு ஒரு மனக்குறை. படத்தின் முதல் முக்கால் மணி நேரம் நீளம் என்று அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அக்காவின் காதல் கதை (ஏஞ்சலா லான்ஸ்பரி, அப்போது பதினெட்டு வயது) வந்து வந்து போவதற்குப் பதிலாக லாயத்தில் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். இங்கிலாந்தில் திரிகிற மை அமெரிக்கனாகவே பேசுவதும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் பை வயிற்று வலியில் துடிக்கும் இரவில் இருவரும் தூங்காமல் விழித்திருக்கும் இடத்தில் மகள் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

படம் முடிவதற்குள் எனக்குப் பிடித்த இன்னொன்று இருக்கிறது. பந்தயத்துக்குப் பிறகு உலகமே வெல்வெட்டைத் தேடி வருகிறது. ஹாலிவுட் பெரிய தொகை பேசிக் கூப்பிடுகிறது. பைக்கு அங்கே பிடிக்காது, எல்லோரும் அவனையே வெறித்துப் பார்ப்பார்கள் என்று சொல்லி மறுத்துவிடுகிறாள். ஜெயித்த குதிரையை வைத்துக் காசு எண்ணலாம் என்ற யோசனையை அம்மாவும் மகளும் ஒரு நிமிஷத்துக்கு மேல் வீட்டுக்குள் வைத்திருக்கவில்லை. “உங்க மாமனாருக்கு இதைப் போட்டுக் காட்டியிருக்கணும்” என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. “அவரு குதிரையைக் கிட்டப் போயிப் பார்த்திருப்பாரான்னே சந்தேகம்” என்றார்.

“பாட்டிக்குக் கடைசி வரைக்கும் குதிரையே பிடிக்கலையாம்மா?” என்று மகள் கேட்டாள்.

1987இல் அந்தப் படம் பார்த்த மறுநாள் இரவு, பச்சை நிற ஜடை ரிப்பன் இரண்டைக் கால் கட்டை விரல்களில் முடிந்து, ஜன்னல் கம்பிக்கு எதிராகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு நான் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தேன். முப்பது தடை என்று சித்தப்பா சொல்லியிருந்ததால் எண்ணிக்கொண்டே தாண்டினேன். பன்னிரண்டோ பதின்மூன்றோ ஆகியிருக்கும். சொம்பில் தண்ணீர் எடுத்து வந்த பாட்டி விளக்கைப் போட்டுவிட்டார். ரிப்பனை ஒளிக்க நேரமில்லை. குதிரை வரக் கூடாது என்று சொன்ன வீட்டில் கையும் காலுமாகப் பிடிபட்டு, திட்டு விழப் போகிறது என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பாட்டி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சொம்பை என் தலைமாட்டில் வைத்துவிட்டு, “குதிரைக்குத் தண்ணி காட்டினியா?” என்று கேட்டு விளக்கை அணைத்தார்.